ரூட்டர் டேபிளுக்கு எந்த ரூட்டர்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரூட்டர் என்று தேடினால் வைஃபை பெட்டிதான் முதலில் வந்து நிற்கும். இங்கே பேசப்போவது மரவேலை ரூட்டர். மேலே மோட்டார், கீழ்முனையில் நிமிடத்துக்கு இருபதாயிரம் சுற்றுக்கு மேல் சுழலும் பிட், அதாவது வெட்டும் முனை. ஓரம் உருட்ட, காடி (நீளப் பள்ளம்) எடுக்க, மோல்டிங் (அலங்கார விளிம்பு) வெட்ட என்று ஏகப்பட்ட வேலைக்கு ஆகும். அதையே ஒரு மேஜைக்கு அடியில் தலைகீழாகத் தொங்கவிட்டு, பிட்டை மட்டும் மேலே நீட்டி வைத்து, மரத்தைக் கையால் தள்ளி ஓட்டினால் அது ரூட்டர் டேபிள். கையில் பிடித்து ஓட்ட அருமையாக இருக்கும் மெஷின் தலைகீழாகப் போனதும் படுத்தி எடுக்கும். தூக்கவே அலுப்பாக இருக்கும் தடியன் டேபிளுக்கு அடியில் சாதுவாக வேலை செய்வான். ஆகவே எந்த மெஷினைப் பார்த்தாலும் அதை மனசுக்குள் ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள். கீழே உள்ள பதில்களில் பாதி அதிலிருந்தே வருகின்றன.

ஏற்கெனவே இருக்கும் ரூட்டரையே டேபிளில் மாட்டலாமா, தனியாக ஒன்று வாங்க வேண்டுமா?

மாட்டலாம். எல்லோரும் அப்படித்தான் ஆரம்பிக்கிறோம். ஆரம்பித்து இரண்டு மாதத்தில், கையால் ஓட்ட வேண்டிய சின்ன வேலை ஒன்றுக்காக டேபிளுக்கு அடியில் குனிந்து, நாலு ஸ்க்ரூ கழற்றி, மெஷினை வெளியே எடுத்து, வேலை முடிந்ததும் திரும்ப மாட்டி, மறுபடி உயரம் வைத்து... இதில் அலுத்துப்போய்த்தான் இரண்டாவது ரூட்டர் வீட்டுக்குள் வருகிறது.

அதற்கு நடுவில் ஒரு நல்ல வழி இருக்கிறது: ஒரே மோட்டார், இரண்டு பேஸ் (மோட்டாரைப் பிடித்துத் தாங்கும் அடிப்பாகம்) சேர்ந்த செட். பாஷ் 1617, டிவால்ட் 618 போன்றவை இப்படிச் செட்டாகக் கிடைக்கின்றன. உயரம் வைத்து இறுக்கிவிடும் ஃபிக்ஸட் பேஸை டேபிளுக்கு அடியில் நிரந்தரமாகத் திருகிவிட வேண்டியது. கையில் ஓட்ட வேண்டும் என்றால் கிளாம்பைத் தளர்த்தி மோட்டாரை மட்டும் உருவி, ஓடும்போதே மேலே கீழே அமுக்க முடிகிற பிளஞ்ச் பேஸில் போட வேண்டியது. முதல் ரூட்டர் வாங்கப்போகிறவருக்கு நான் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

எத்தனை ஹெச்.பி. வேண்டும்?

பெட்டியில் அச்சடித்திருக்கும் ஹெச்.பி.யை முதலில் ஒதுக்கி வையுங்கள். ஒரு சின்னக் கணக்கு: அமெரிக்க 120 வோல்ட் லைனில் 15 ஆம்பியர் இழுக்கும் மோட்டார் உள்ளே வாங்கும் மின்சாரமே 1800 வாட்தான். ஒரு ஹெச்.பி. என்பது 746 வாட். சூடாகவும் சத்தமாகவும் போகும் சேதாரத்தை மறந்துவிட்டு அத்தனையும் சுழற்சியாக மாறுகிறது என்று வைத்துக்கொண்டாலும் 2.4 ஹெச்.பி.க்கு மேல் தேறாது. ஆனால் அந்த வகை மெஷின்களின் மேல் மூணேகால் ஹெச்.பி. என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அது தொடர்ந்து வேலை செய்யும்போது கிடைக்கும் சக்தி அல்ல, ஒரு கணம் எட்டும் உச்சம். அதனால் இரண்டு மெஷினை ஒப்பிடும்போது மெஷின் உடம்பில் ஒட்டியிருக்கும் தகட்டைப் பார்த்து வாட்டோடு வாட்டை வைத்துப் பாருங்கள். வாட் இல்லாவிட்டால் ஆம்பியரை வோல்ட்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். அதுவும் உள்ளே போகும் கணக்குதான், வெளியே வருவது கொஞ்சம் குறைவு, ஆனால் எல்லாருக்கும் ஒரே அளவுகோல்.

சரி, எவ்வளவு? ஓரம் உருட்டுவது, சின்ன காடி, டெம்ப்ளேட் வைத்து ஓரத்தைச் சரிசெய்வது, டவ்டெயில் (புறா வால் வடிவ இணைப்பு) மாதிரி வேலைகளுக்கு 1200லிருந்து 1600 வாட் தாராளம். அகலமான மோல்டிங் பிட், அலமாரிக் கதவின் சட்டமும் பலகையும் கோத்துக்கொள்ள வெட்டும் பிட் ஜோடி, கதவுப் பலகையின் ஓரத்தைச் சரிவாகச் சீவும் பேனல் ரைஸிங் பிட், இதெல்லாம் வாரம் முழுக்க ஓட்டுவீர்கள் என்றால் 1800க்கு மேல் போங்கள். நடுத்தர மெஷினிலும் பெரிய பிட்டை ஓட்ட முடியும், ஒரே வெட்டில் எடுக்காமல் மூன்று நான்கு தடவையாக, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் மோட்டார் முனகும், மரம் கருகும்.

எடையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். பெரிய ரூட்டர் 5, 6 கிலோ வரும், அதைத் தாங்கப்போவது மேஜை, உங்கள் மணிக்கட்டு இல்லை.

ஃபிக்ஸட் பேஸா, பிளஞ்ச் பேஸா?

கையில் ஓட்ட பிளஞ்ச், டேபிளுக்கு ஃபிக்ஸட். விதிவிலக்கு உண்டு, ஆனால் இதுதான் அடிப்படை.

காரணம் ஸ்பிரிங். பிளஞ்ச் ரூட்டரில் மோட்டாரைப் பேஸிலிருந்து விலக்கித் தள்ள இரண்டு தண்டுகளிலும் ஸ்பிரிங் இருக்கும். நேராக நிற்கும்போது அது நமக்கு உதவி, வெட்டி முடித்துக் கையை விட்டால் பிட் தானாக மேலே ஏறிக்கொள்ளும். கவிழ்த்ததும் அதே ஸ்பிரிங் மோட்டாரைத் தரையை நோக்கித் தள்ளுகிறது. மெஷினின் எடையும் அதே பக்கம். ஆக, பிட்டை ஒரு மில்லிமீட்டர் மேலே ஏற்ற நீங்கள் எடையோடும் ஸ்பிரிங்கோடும் சேர்த்து மல்லுக்கு நிற்க வேண்டும், அதுவும் குனிந்தபடி, லாக்கை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு. நிறைய மாடல்களில் ஸ்பிரிங்கைக் கழற்றிவிடலாம், டேபிளிலேயே இருக்கப்போகிறது என்றால் கழற்றிவிடுங்கள். கழற்றும்போது முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். அமுங்கிய ஸ்பிரிங் எந்தப் பக்கம் பறக்கும் என்று சொல்ல முடியாது. என்னுடையது அலமாரிக்குப் பின்னால் போய் விழுந்தது, மூன்று வாரம் கழித்துப் பெருக்கும்போது கிடைத்தது.

விதிவிலக்கு, டேபிளையும் மனதில் வைத்துச் செய்த பிளஞ்ச் ரூட்டர்கள். ட்ரைட்டன் டி.ஆர்.ஏ.001 அப்படிப்பட்டது. மேஜைக்கு மேலிருந்தே கைப்பிடியைச் செருகிச் சுற்றி உயரம் வைக்கலாம். முழுக்க ஏற்றினால் பிட்டைப் பிடிக்கும் காலெட் மேஜைக்கு மேலே வந்து, தண்டு தானாகப் பூட்டிக்கொள்ளும், ஒரே ஸ்பானரில் பிட் மாற்றலாம்.

லிஃப்ட் என்கிறார்களே, அது கட்டாயமா?

கட்டாயம் இல்லை. ஆனால் உயரம் வைக்கும் வசதி கட்டாயம். டேபிள் வேலையில் பாதி நேரம் போவது வெட்டுவதில் இல்லை, பிட்டை அரை மில்லிமீட்டர் ஏற்றி, ஒரு துண்டுக் கட்டையில் வெட்டிப் பார்த்து, மறுபடி கால் மில்லிமீட்டர் இறக்குவதில். அதனால் வாட், பிராண்ட், வாரன்ட்டி எல்லாவற்றுக்கும் முன்னால் நான் கேட்கும் கேள்வி: இதில் உயரத்தை எப்படி மாற்றுவது, எவ்வளவு நுணுக்கமாக மாற்ற முடியும்?

குறைந்தபட்சம், மேஜைக்கு அடியில் கையை விட்டு நுண்திருகு ஒன்றைத் திருப்பும் வசதியாவது இருக்க வேண்டும். மோட்டாரை முழுசாகத் திருகி மேலே கீழே கொண்டுபோகும் பழைய ரகங்களில் ஸ்விட்சும் சேர்ந்து சுற்றும். ஒவ்வொரு முறையும் அதைத் தேட வேண்டியிருக்கும், எனக்கு அது ஒத்துவரவில்லை. அதற்கு மேல்படி, பேஸ் தட்டிலேயே ஓட்டை இருந்து மேலிருந்து நீளமான சாவியை விட்டுத் திருப்புவது. பாஷ் 1617இன் ஃபிக்ஸட் பேஸில் இந்த வசதி இருக்கிறது. நிறையப் பேருக்கு இதுவே போதும், தனியாக லிஃப்ட் வாங்கும் செலவு மிச்சம்.

லிஃப்ட் என்பது மோட்டாரைத் தூக்கி இறக்கும் திருகு அமைப்போடு சேர்ந்த தட்டு. ரூட்டரின் பேஸை எறிந்துவிட்டு வெறும் மோட்டாரை மட்டும் அதன் பிடிக்குள் போட்டு இறுக்க வேண்டும். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்: மோட்டார் உடம்பு உருளையாக இருக்க வேண்டும், பேஸிலிருந்து உருவினால் வர வேண்டும், விட்டமும் பொருந்த வேண்டும். போர்ட்டர் கேபிள் 7518 மாதிரிப் பெரிய மோட்டார்கள் 4.2 இஞ்ச், அதாவது கிட்டத்தட்ட 107 மி.மீ.; பாஷ் 1617 மாதிரி நடுத்தரங்கள் 3.5 இஞ்ச், 89 மி.மீ. பெரிய லிஃப்ட்டில் சின்ன மோட்டாரைப் போட இடையில் வளையம் கிடைக்கும். சின்ன லிஃப்ட்டில் பெரியது போகாது. பிளஞ்ச் தண்டுகளோடு ஒரே வார்ப்பாக வரும் ரூட்டர்களுக்குப் பெரும்பாலான லிஃப்ட் உதவாது. ஆகவே பிற்பாடு லிஃப்ட் வாங்கும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால், ரூட்டரை வாங்கும் முன்பே லிஃப்ட் எந்தெந்த மாடலை ஏற்கும் என்ற பட்டியலைப் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று. திருகு எதுவாக இருந்தாலும் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். அதனால் உயரத்தை எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றி நிறுத்துங்கள். தாண்டிவிட்டால் நன்றாக இறக்கிவிட்டு மறுபடி ஏற்றுங்கள். மேலிருந்து இறக்கி நிறுத்தினால், வெட்டும் அதிர்வில் மெஷின் தன் எடையாலேயே மீதி ஆட்டத்தையும் இறங்கிக்கொள்ளும்.

ஃபிக்ஸட் பேஸில் கிளாம்பைத் தளர்த்தியதும் மோட்டார் பொத்தென்று விழுந்துவிட்டது. மெஷினில் கோளாறா?

கோளாறு இல்லை, புவியீர்ப்பு. நேராக நிற்கும்போது பேஸ் தாங்கிக்கொள்ளும், கவிழ்ந்தபின் தாங்க எதுவும் இல்லை. நல்ல மாடல்களில் முழுசாக வெளியே வர ஒரு தாழ்ப்பாளைத் தனியாக அமுக்க வேண்டியிருக்கும், அது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ஒரு கை எப்போதும் அடியில் இருக்கட்டும்.

கால் இஞ்ச் காலெட் போதுமா, அரை இஞ்ச் வேண்டுமா?

டேபிளுக்கு என்றால் அரை இஞ்ச். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

பிட்டின் தண்டுக்கு ஷேங்க் என்று பெயர், அதைப் பிடித்து இறுக்கும் பிளவுபட்ட வளையம் காலெட். தண்டின் விட்டம் இரண்டு மடங்கானால் வளைய மறுக்கும் உறுதி இரண்டு மடங்காவதில்லை, பதினாறு மடங்காகிறது. வளைவுக்கு எதிரான விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும் என்பதால் அப்படி. கால் இஞ்ச் தண்டில் நீளமான பிட்டைப் போட்டுக் கடின மரத்தில் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு இது கணக்கு இல்லாமலேயே தெரியும். பிட் நடுங்கும், வெட்டிய முகத்தில் அலையலையாக வரி விழும். பெரிய மோல்டிங் பிட்டுகளும் பேனல் பிட்டுகளும் அரை இஞ்ச் தண்டில்தான் வரும். அரை இஞ்ச் ரூட்டரில் கால் இஞ்ச் காலெட்டைப் போட்டுச் சின்ன பிட்டையும் ஓட்டிக்கொள்ளலாம். கால் இஞ்ச் ரூட்டரைப் பிற்பாடு பெரிதாக்க வழியே இல்லை.

அளவில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. அரை இஞ்ச் என்பது 12.7 மி.மீ., கால் இஞ்ச் 6.35 மி.மீ. சந்தையில் 12 மி.மீ., 8 மி.மீ., 6 மி.மீ. ஷேங்க் பிட்டுகளும் உலவுகின்றன. 12 மி.மீ. பிட்டை 12.7 காலெட்டில் போட்டால் இறுகின மாதிரியேதான் இருக்கும், கையால் இழுத்தால் வராது. ஆனால் காலெட் முழு நீளத்துக்கும் பிடிக்காமல் ஓரத்தில் மட்டும் கவ்வியிருக்கும். சுழலும்போது வெளியே வந்தால் யார் மேல் பாயும் என்று தெரியாது. காலெட்டின் அளவும் பிட்டின் அளவும் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும்.

பிட் தானாக மேலே ஏறிக்கொண்டே வருகிறது. ரூட்டர் சரியில்லையா?

இது எனக்கே நடந்தது. ஒரு பெட்டியின் நாலு பக்கத்துக்கும் காடி எடுத்துக்கொண்டிருந்தேன். முதல் பலகையில் 6 மி.மீ. ஆழம், கடைசிப் பலகையில் ஒன்பதுக்குப் பக்கத்தில். ஃபென்ஸ் (மரத்தை ஒட்டித் தள்ளும் தடுப்புக் கட்டை) நகர்ந்ததோ, பலகை வளைந்ததோ என்று எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன், காலெட்டைத் தவிர. அதுவோ உள்பக்கம் கண்ணாடி மாதிரி மழமழவென்று தேய்ந்து கிடந்தது.

முக்கியமாக மூன்று காரணங்கள் இருக்கும். ஒன்று தேய்ந்த அல்லது மரப்பிசின் படிந்த காலெட். துடைத்துப் பாருங்கள், சரியாகாவிட்டால் புதிது போடுங்கள், தேய்மானப் பொருள்தான் அது. இரண்டு, பிட்டை அடிவரை தள்ளிவிட்டு இறுக்குவது. காலெட் இறுகும்போது கொஞ்சம் உள்ளே இறங்கும். பிட் அடியில் முட்டிக்கொண்டிருந்தால் அது கூடவே இறங்க முடியாமல் பிடி தளரும். அடிவரை விட்டு 2, 3 மி.மீ. மேலே இழுத்துப் பிறகு இறுக்குங்கள். மூன்று, சுருள் வடிவ பிட். அப்கட் சுருள், சீவலைக் காலெட் பக்கம் இழுக்கும்போது தன்னை மரத்துக்குள் இழுத்துக்கொள்ளப் பார்க்கும். அதைப் பிடிக்கும் காலெட் கொஞ்சமும் தளரக் கூடாது.

ஆக, ரூட்டர் வாங்கும்போது அந்த மாடலுக்கு மாற்றுக் காலெட் தனியாகக் கிடைக்கிறதா என்று விசாரித்துவிடுங்கள். மெஷின் மலிவாகக் கிடைத்து காலெட் எங்கும் கிடைக்காத மாடல்கள் இருக்கின்றன.

வேகத்தைக் குறைக்கும் வசதி இல்லாத மெஷின் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

டேபிளுக்கு வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

சுற்று வேகம் ஒன்றே என்றாலும் பிட் பெரிதாகப் பெரிதாக அதன் விளிம்பு ஓடும் வேகம் ஏறும். 20 மி.மீ. பிட் 24,000 சுற்றில் ஓடினால் விளிம்பு விநாடிக்கு 25 மீட்டர் போகும். அதே சுற்றில் 80 மி.மீ. பேனல் பிட்டைப் போட்டால் விநாடிக்கு 100 மீட்டர், அதாவது மணிக்கு 360 கிலோமீட்டர். உங்கள் விரலிலிருந்து ஒரு சாண் தூரத்தில். 10,000க்கு இறக்கினால் அது 42 மீட்டருக்கு வந்துவிடும்.

தோராயமாக, 25 மி.மீ. வரை விட்டமுள்ள பிட்டுக்கு 22,000 முதல் 24,000 வரை; 50 வரை 18,000; 65 வரை 16,000; அதற்கு மேல் 12,000, மிகப் பெரியதற்கு 10,000. பிட்டின் மேலோ உறையிலோ அதிகபட்ச வேகம் அச்சடித்திருந்தால் அதுதான் சட்டம், நான் சொன்னது இல்லை. வாங்கும் ரூட்டரின் கீழ்வேகம் 10,000 அல்லது அதற்குக் குறைவாக இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாரும் மேல்வேகத்தைப் பார்த்து மயங்குகிறார்கள், டேபிளில் உதவுவது கீழ்வேகம். பாஷ் 1617 எட்டாயிரத்தில் ஆரம்பிக்கிறது, போர்ட்டர் கேபிள் 7518 பத்தாயிரத்தில்.

22,000 சுற்றிலேயே நிற்கும் மெஷின் ஏற்கெனவே கையில் இருந்தால் தூக்கி எறிய வேண்டாம். 25 மி.மீ.க்கு உட்பட்ட பிட்டுகளோடு நிறுத்திக்கொண்டால் நன்றாகவே உழைக்கும். எலக்ட்ரானிக்ஸ் இல்லாத சாதாரண பிரஷ் மோட்டாராக (கார்பன் துண்டு உரசி மின்சாரம் கொடுக்கும் வகை) இருந்தால் வெளியே ஒரு வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டி வைத்தும் இறக்கலாம், ஆனால் வேகம் குறையும்போது சுமை தாங்கும் சக்தியும் விழும். உள்ளேயே வேகக் கட்டுப்பாடு இருக்கும் ரூட்டரை அந்தப் பெட்டியில் செருகாதீர்கள். இரண்டு எலக்ட்ரானிக்ஸும் அடித்துக்கொள்ளும், போவது மெஷின்.

சாஃப்ட் ஸ்டார்ட், கான்ஸ்டன்ட் ஸ்பீட் எல்லாம் தேவையா?

சாஃப்ட் ஸ்டார்ட், அதாவது மெதுவாக வேகமெடுப்பது, கையில் ஓட்டும்போது மணிக்கட்டைக் காப்பாற்றும். டேபிளில் இருந்தால் நல்லது, அவ்வளவுதான். சுமை ஏறும்போது மின்சாரத்தைக் கூட்டி வேகத்தை விடாமல் பிடிக்கும் கான்ஸ்டன்ட் ஸ்பீட் அப்படி இல்லை. அது இல்லாத மெஷினில் மரத்தின் கணு வரும் இடத்தில் வேகம் விழும், அந்த இடம் மட்டும் கருகும் அல்லது சிராய் பெயரும். கேட்டு வாங்குங்கள்.

லேமினேட் ஓரம் வெட்டும் டிரிம்மரை டேபிளில் வைத்தால் என்ன?

சின்ன டேபிளாக இருந்தால் தாராளமாக வையுங்கள். மகிட்டா ஆர்.டி.0700 மாதிரி 710 வாட் டிரிம்மர்கள் 10,000 முதல் 30,000 வரை ஓடும். 3 மி.மீ. ஓரம் உருட்டுவது, சின்னப் பெட்டி வேலை, பொம்மை, படச்சட்டம் இதற்கெல்லாம் பெரிய ரூட்டரைவிட இதுதான் சுகம். இரண்டாவது டேபிளாக இப்படி ஒன்றை வைத்துக்கொண்டு, ஓரம் உருட்டும் பிட்டைக் கழற்றாமலேயே விட்டிருப்பவர்கள் புத்திசாலிகள்.

அப்புறம், கால் இஞ்ச் காலெட் என்பதை மறந்துவிட்டு, கால் இஞ்ச் தண்டில் கிடைக்கிறதே என்று 40 மி.மீ. பிட்டை அதில் மாட்டாதீர்கள். மகிட்டா 3709 மாதிரி 30,000 சுற்றிலேயே நிற்கும் டிரிம்மராக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும்.

ஸ்விட்ச் மேஜைக்கு அடியில் போய்விடுகிறதே?

ஆமாம், அது ஆபத்து. ஏதாவது மாட்டிக்கொண்டு நிறுத்த வேண்டிய நொடியில் குனிந்து தேடிக்கொண்டிருக்க முடியாது. மேஜையின் முன்பக்கம், தொடையால் தட்டினாலே அணையும்படி பெரிய சிவப்புத் தட்டு வைத்த ஸ்விட்ச் ஒன்றைப் பொருத்தி, ரூட்டரை அதன் வழியாக இணையுங்கள். கரண்ட் போய்த் திரும்ப வந்தால் தானாக ஓட ஆரம்பிக்காத வகையாகப் பார்த்து வாங்குங்கள். ரூட்டரின் சொந்த ஸ்விட்சை ஆன் நிலையில் விட்டுவிட வேண்டியதுதான்.

இதில் வாங்கும் முன் கவனிக்க வேண்டிய இரண்டு விஷயம். விரலை எடுத்தால் அணைந்துவிடும் டிரிகர் ஸ்விட்ச், பூட்டும் பொத்தான் இல்லாமல் இருந்தால் டேபிளுக்கு ஆகாது. டேப் சுற்றிக் கட்டி வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், வேண்டாம் அந்த வேலை. இன்னொன்று, சில புதிய ரூட்டர்களிலேயே மறுதொடக்கப் பாதுகாப்பு இருக்கிறது. ஸ்விட்ச் ஆனில் இருக்கும்போது கரண்ட் வந்தால் ஓடாது, ஒருமுறை அணைத்துப் போட்டால்தான் ஓடும். நல்ல பாதுகாப்புதான், ஆனால் மேஜை ஸ்விட்சோடு சேராது.

எந்த ஸ்விட்ச் வைத்தாலும், பிட் மாற்றும்போது பிளக்கையே உருவிவிடுங்கள்.

தலைகீழாக வைத்தால் தூள் எல்லாம் மோட்டாருக்குள் போகாதா?

போகும். பிட்டிலிருந்து விழும் தூள் நேராகக் காலெட் மேலும் பேரிங் மேலும் ஸ்விட்ச் மேலும்தான் இறங்குகிறது. மோட்டாரின் விசிறி மறுமுனையில் காற்றை இழுத்து பிட் பக்கமாக ஊதுவதால் ஓடும்போது ஓரளவு தப்பிக்கும், நின்றதும் படியும். ஸ்விட்சுக்கு ரப்பர் மூடி இருக்கிறதா என்று பாருங்கள். ஃபென்ஸுக்குப் பின்னால் ஒன்று, மேஜைக்கு அடியில் ஒன்று என்று இரண்டு இடத்தில் உறிஞ்சினால்தான் தூள் கட்டுப்படும். அடியில் பெட்டி கட்டி மூடுகிறீர்கள் என்றால் காற்று உள்ளே வர நல்ல பெரிய ஓட்டை விடுங்கள். முழுக்க அடைத்துவிட்டால் மோட்டார் தன் சூட்டையே திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டு வேகும். பிரஷ் மோட்டார் என்பதால் கார்பன் பிரஷ் தேயும். வெளியிலிருந்தே திருகிக் கழற்ற முடிகிற மாடல் என்றால் பத்து நிமிட வேலை.

என் ரூட்டர் டேபிளில் அதைத் தொங்கவிடும் தட்டில் பொருந்துமா என்று எப்படித் தெரியும்?

பேஸின் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தகட்டைக் கழற்றினால் ஸ்க்ரூ ஓட்டைகள் தெரியும். அந்தத் தகட்டையே அச்சாக வைத்து டேபிள் தட்டில் ஓட்டை போட்டுக்கொள்ளலாம். சிரமம் இருப்பது வேறிடத்தில்: தட்டு 6லிருந்து 10 மி.மீ. தடிமன் இருக்கும், அவ்வளவும் பிட் உயரத்திலிருந்து கழிந்துவிடும். மோட்டாரை முழுசாக ஏற்றும்போது காலெட் நட்டு தட்டின் மேல்மட்டத்துக்காவது வருகிறதா என்று அளந்து பாருங்கள். வந்தால் மேலிருந்தே ஸ்பானர் போடலாம். வராவிட்டால் ஒவ்வொரு முறையும் குனிய வேண்டும் அல்லது தட்டோடு தூக்கி வெளியே எடுக்க வேண்டும். தட்டு அலுமினியமாகவோ ஃபீனாலிக்காகவோ (பிசின் ஏற்றி அழுத்திய கெட்டிப் பலகை) இருக்கட்டும். மெல்லிய அக்ரிலிக் பெரிய ரூட்டரின் எடைக்கு நாளடைவில் நடுவில் தொய்ந்துவிடும், அப்புறம் காடியின் ஆழம் ஓரத்தில் ஒன்று நடுவில் ஒன்று என்று வரும்.

பேட்டரி ரூட்டர்?

கையில் ஓட்ட அருமை. மேஜைக்கு அடியில் ஒரே இடத்தில் நிற்கப்போகிற மெஷினுக்கு பேட்டரி எதற்கு?

சி.என்.சி. (கணினி ஓட்டும்) மெஷினில் வரும் ஸ்பிண்டில் மோட்டாரை மாட்டினால்?

செய்கிறார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. பிரஷ் கிடையாது, சத்தம் பாதிகூட இல்லை, ஈ.ஆர்.20 என்ற அளவுக் காலெட்டில் அரை இஞ்ச் தண்டு பிடிக்கும். ஈ.ஆர்.11இல் பிடிக்காது, அது 7 மி.மீ.யோடு சரி. வேகத்தை மின்சாரத்தின் அதிர்வெண்ணை மாற்றும் டிரைவ் பெட்டி பார்த்துக்கொள்ளும். 400 ஹெர்ட்ஸ் கொடுத்தால் 24,000 சுற்று.

சிக்கல் எங்கே என்றால், இந்த மோட்டார்களின் சக்தி வேகத்தோடு சேர்ந்து இறங்கும். 24,000இல் 2.2 கிலோவாட் தருவது 10,000இல் 0.9 கிலோவாட் அளவுக்குத்தான் தரும். பெரிய பேனல் பிட்டுக்கு வேகத்தை இறக்கும்போதுதான் சக்தி வேண்டும், அங்கேயே அது கையை விரிக்கும். சின்ன பிட்டுகளை நாள் முழுக்க ஓட்டுகிறவருக்கும் வயரிங் தெரிந்தவருக்கும் மட்டும் பரிந்துரைப்பேன்.

பழைய ரூட்டர் வாங்கலாமா?

வாங்கலாம். பிளக்கை உருவிவிட்டுத் தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள், ஆட்டம் தெரிந்தால் பேரிங் போயிருக்கிறது. கையால் சுற்றினால் கரகரப்பு இருக்கக் கூடாது. ஓடவிட்டு உள்ளே எட்டிப் பாருங்கள். பிரஷ் பக்கம் சின்ன நீலப் பொறி சகஜம், பிரஷ் உரசும் வளையம் முழுக்கத் தீ மாதிரி ஓடினால் விட்டுவிடுங்கள். வேகக் குமிழைத் திருப்பும்போது சத்தம் மாறுகிறதா என்று கேளுங்கள். காலெட் தேய்ந்திருந்தால் பரவாயில்லை, புதியது கிடைக்கும் மாடலாக இருந்தால் போதும்.

மரத்தைத் தள்ளும்போது கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடுகிறது. சக்தி அதிகமான ரூட்டர் வாங்கியது தப்பா?

தப்பு ரூட்டரில் இல்லை, தள்ளும் திசையில். கவிழ்த்த ரூட்டரில் பிட் மேலிருந்து பார்க்க இடஞ்சுழியாகச் சுற்றும். ஃபென்ஸ் பிட்டுக்குப் பின்னால், நீங்கள் முன்னால் என்றால், மரம் வலமிருந்து இடமாகப் போக வேண்டும். அப்போதுதான் பிட் அதை எதிர்த்து வெட்டும். மாற்றித் தள்ளினால் சக்கரம் மாதிரி இழுத்துக்கொண்டு போய்விடும். மரத்தை ஃபென்ஸுக்கும் பிட்டுக்கும் நடுவில் நுழைப்பதும் இதே கதைதான், அங்கே பிட்டின் பின்முகம் வெட்டுவதால் திசை தலைகீழாகிவிடுகிறது. எந்தக் காரணத்துக்காகவும் அப்படி நுழைக்காதீர்கள்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், எதை வாங்குவது?

ஒரே ரூட்டர்தான், கையிலும் டேபிளிலும் ஓட வேண்டும்: 1400 வாட்டைச் சுற்றி, இரண்டு பேஸ் செட், அரை இஞ்ச் காலெட், மேலிருந்து உயரம் வைக்கும் ஓட்டை. டேபிளுக்கென்றே தனியாக, கதவு வேலையும் உண்டு: 1800 வாட்டுக்கு மேல், 10,000 சுற்றுக்கு இறங்க வேண்டும், லிஃப்ட்டில் போகும் உருளை மோட்டார் அல்லது டேபிளுக்கான கைப்பிடி உள்ள பிளஞ்ச். சின்ன வேலை, சின்ன இடம்: வேகம் மாற்றக்கூடிய டிரிம்மர். முதல் இரண்டுக்கும் நடுவில் தடுமாறினால் நான் முதலாவதைத்தான் எடுப்பேன். பெரியதை எந்த வேலைக்கு வாங்க வேண்டும் என்பது ஒரு வருடம் ஓட்டினால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

சத்தம் குறைவான ரூட்டர் உண்டா?

பிரஷ் மோட்டாரில் கிடையாது. பெரிய ரூட்டருக்குக் காது மூடி இல்லாமல் பக்கத்தில் நிற்காதீர்கள். வேகத்தை ஒரு படி இறக்கினாலே கூச்சல் நன்றாகக் குறையும், அடியில் காற்று வழி விட்டுப் பெட்டி கட்டினால் இன்னும் கொஞ்சம் குறையும். அதற்கு மேல் பக்கத்து வீட்டுக்காரரிடம் நேரம் கேட்டுக்கொண்டு ஓட்டுவதுதான் வழி.